மெழுகு முகங்கள்

விழுப்புரத்தில் பேனர் அடிக்கிற கடை ஒன்றில் சில வருடங்கள் டிசைனராக இருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ஒரே தங்க எழுத்தைத்தான் கேட்பார்கள். செத்தவர் பெயரும் நகைக்கடை போர்டு மாதிரி ஜொலித்தால்தான் குடும்பத்துக்குத் திருப்தி. கேட்டதைச் செய்து கொடுத்தேன். கேட்டவர்கள் மீது எனக்கு மரியாதை இருந்ததில்லை.

முதலாளியின் மச்சான் திண்டிவனத்தில் எங்கள் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் அந்தப் பிளகினை எங்கிருந்தோ பிடித்து வந்தார். போட்டோஷாப்புக்குள் பொருத்திக்கொள்ளும் சின்ன மென்பொருள் அது. படத்தின் மேல் கல், தோல், துணி, எண்ணெய் ஓவியம் என்று எந்தப் பரப்பை வேண்டுமானாலும் ஏற்றிவிடும். அதில் உருப்படியான விஷயம் ஒன்றுதான். நாமே ஒரு பரப்பைச் செய்து கொள்ளலாம். எதையாவது போட்டோ எடுத்துக் கொடுத்தால், வெளிச்சமான இடத்தை மேடாக்கும், இருட்டைப் பள்ளமாக்கும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும், பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் நம் கையில்.

மச்சானுக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது. தெரிந்துகொள்ள நினைத்ததும் இல்லை. அவருக்குத் தெரிந்தது எண்ணெய் ஓவியம் என்ற ஒரே பட்டன். அதை அமுக்கினால் எல்லா முகமும் மழமழவென்று, மெழுகில் வார்த்த மாதிரி ஆகிவிடும். திண்டிவனத்தில் அந்த வருடம் மாமியாரும் மருமகளும் ஒரே ஜாடையில் பேனரில் சிரித்தார்கள். அவரோ விசிட்டிங் கார்டில் ‘ஆர்ட்டிஸ்ட்’ என்று அச்சடித்து வைத்திருந்தார். நான் ஒரு படத்தோடு மல்லாடுவதைக் கேள்விப்பட்டு ஒருமுறை போனில் சொன்னார்: “இன்னாத்துக்கும்மா இப்டி நோண்டிக்கினு இருக்கிற? ஒரு கிளிக்கு, வேல முடிஞ்சிது.”

அவர் வேலை முடித்த படம் ஒன்றுதான் ஒருநாள் காலையில் என் மேசைக்கு வந்தது. கொண்டு வந்தவள் திண்டிவனம் பக்கத்துக் கிராமத்துப் பெண், புதுச்சேரியில் நர்ஸாக இருந்தாள். அப்பா இறந்து ஒரு வருடம் ஆகப் போகிறது, கோயிலில் பூசை வைத்திருக்கிறார்கள், அதற்குள் வீட்டில் மாட்ட ஒரு பெரிய படம் வேண்டும் என்றாள். சுருட்டிக் கொண்டுவந்ததை விரித்தாள். கன்னம் இரண்டும் ஆப்பிள் பழம் போல மின்னின. கண்ணில் சினிமாக்காரன் பளபளப்பு.

“இது எங்கப்பா இல்லீங்கக்கா” என்றாள்.

திண்டிவனத்தில் இதையே சொன்னாளாம். அப்பாவை அழகாக்கித் தந்ததற்குச் சந்தோஷப்படாமல் குறை சொல்கிறாளே என்று மச்சான் சலித்துக்கொண்டாராம். கைப்பையிலிருந்து பழைய போட்டோ ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. வெயிலில் அலைந்த விவசாயி முகம். கன்னத்தில் அம்மைத் தழும்புகள் மங்கலாகத் தெரிந்தன.

“சின்ன வயசுல அந்தத் தழும்பத் தொட்டுக்கினே தூங்கிப்புடுவேன். அத எதுக்குக்கா எடுத்தாங்க?”

எதற்கு என்று கேட்டால் மச்சானுக்கே தெரியாது. பட்டன் எடுத்தது, அவர் விட்டுவிட்டார். நான் படத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

போட்டோவைப் பெரிதாக்கினால் தழும்பு கலங்கிப் போயிற்று. அதன் மேல் ஏற்ற ஒரு சரியான பரப்பு வேண்டியிருந்தது. சாக்குப் பையை எடுத்துப் பார்த்தேன், முகம் துணியாயிற்று. மல்லாட்டைக் கடலையின் மேலோட்டை எடுத்தேன், முதலைத் தோலாயிற்று. ஒரு சாயங்காலம் வீடு திரும்பக் கண்டமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது லேசாகத் தூறி நின்றிருந்தது. ரோட்டோரப் புழுதியில் துளி விழுந்த இடமெல்லாம் சின்னச் சின்னக் குழி. ஒன்று போல இன்னொன்று இல்லை. குனிந்து போனில் படம் எடுத்தேன். போகிறவர்கள் என்ன தொலைந்தது என்று கேட்டார்கள்.

மறுநாள் அந்தப் புழுதியைப் பிளகினுக்குக் கொடுத்தேன். பழைய போட்டோவில் தழும்பு தெரிந்த இடங்களில் மட்டும் பள்ளத்தை ஆழமாக்கி, நெற்றியிலும் தாடையிலும் தேய்த்துக் குறைத்தேன். வெளிச்சத்தை இடப்பக்கம் திருப்பியதும் மானிட்டரில் ஒரு மனிதர் வந்து உட்கார்ந்தார். அந்தப் பெண் வந்து பார்த்தாள். விரலை நீட்டி, திரையில் கன்னத்தைத் தொட்டாள். “இதாங்கக்கா” என்றாள். கேன்வாஸில் அடித்துக் கொடுத்தோம். இன்றுவரை நான் செய்ததில் எனக்கு மதிப்புள்ள வேலை அது ஒன்றுதான்.

முதலாளி அதைப் பார்த்தார். அவர் மண்டையில் ஏறியது ஒன்றே ஒன்று, இது புது மாடல். நான் ‘புழுதி’ என்று சேமித்து வைத்திருந்ததை ‘ராயல் ஸ்கின்’ என்று பெயர் மாற்றி மச்சானுக்கும் அனுப்பினார். மச்சானுக்கு ஒரு பட்டன் கூடியது. மயிலத்தில் நிச்சயதார்த்தமா, கூட்டேரிப்பட்டில் கடைத் திறப்பா, எல்லார் முகத்திலும் கண்டமங்கலத்துப் புழுதி. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்கம் பார்ப்பதையே விட்டேன்.

ஒருநாள் கல்யாணப் பெண்ணின் அம்மா ஒருவர் பேனரோடு எங்கள் கடைக்கே வந்துவிட்டார். பொண்ணு மூஞ்சி ஏன் இப்படி அம்மை வார்த்த மாதிரி இருக்கிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. முதலாளி அசரவில்லை.

“ஃபாரின் மாடலுங்கம்மா. கிட்ட பாக்கக் கூடாது, தள்ளி நின்னு பாக்கணும்.”

அந்த அம்மா பேனரைப் பார்த்தபடியே பின்னுக்கு நடந்து வாசல்படி வரை போனார். தலையை ஆட்டினார். ஃபாரின் என்றதும் கோபம் போன இடம் தெரியவில்லை. பெயரை மட்டும் தங்கத்தில் இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லிவிட்டுப் போனார். பெற்ற மகளின் முகத்தைவிட எழுத்தின் பளபளப்பு அவருக்குப் பெரிதாக இருந்தது. முதலாளியை விட அந்த அம்மாவிடம்தான் எனக்கு அருவருப்பு வந்தது.

அந்தப் புழுதியைக் கடையில் யாரும் பயன்படுத்தக் கூடாது என்று முதலாளியிடம் சொன்னேன். கடை கம்ப்யூட்டரில் செய்தது கடைக்குத்தான் சொந்தம் என்றார். அதோடு, நல்ல ஐடியா கொடுத்தாய் என்று பாராட்டவும் செய்தார். திட்டியிருந்தால் இருந்திருப்பேனோ என்னவோ, அந்தப் பாராட்டைக் கேட்டபின் இருக்க முடியவில்லை. மாதக் கடைசியில் வேலையை விட்டு நின்றுகொண்டேன்.

இப்போது அடையாள அட்டை அடிக்கிற இடத்தில் இருக்கிறேன். வெள்ளைப் பின்னணி, நேர்ப் பார்வை, முகத்தில் கை வைக்கக் கூடாது. நேற்று ஒரு வாத்தியார் வந்து முகத்தைக் கொஞ்சம் கலராக ஆக்கித் தரச் சொன்னார். முடியாது என்றேன். பக்கத்துக் கடையில் ஆக்கித் தருவார்களாமே என்றார். தருவார்கள், போங்கள் என்று வழி காட்டினேன். உண்மையிலேயே போனார்.