புயலுக்குப் பிடித்து வைத்த தண்ணீர்

மலாக்கா நீரிணையில் புயல் உருவாகாது என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அதை நம்பித்தான் மாவட்ட அலுவலகத்தின் பேரிடர்ப் பிரிவில் வேலை பார்த்த காலம் முழுவதும் வெள்ளத்துக்கு மட்டும் திட்டம் தீட்டினேன். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, நீரிணையில் புயல் உருவாகிவிட்டது, பேராக் கடற்கரையை நோக்கி வருகிறது என்று வானிலை அறிக்கை சொன்னது. என்னிடம் யாரும் ஆலோசனை கேட்கவில்லை.

அக்கா மட்டும் கேட்டாள். சிலிபினில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். அவளுடைய ஒரே மகன் கடலோர லூமுட்டில் மீட்புப் படகு ஓட்டுகிறான். எங்கள் சிறுவயதில், தோட்டத்து லயத்தில், பெருங்காற்றில் ஒரு ரப்பர் மரம் சமையலறை மேல் சாய்ந்தது. அதிலிருந்து சன்னல் திரை அசைந்தாலே அக்கா எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அந்த வாரம் காலையும் மாலையும் எனக்குப் போன் செய்தாள். புயல் எப்போது வரும், வந்தால் எவ்வளவு நேரம் இருக்கும், நம் ஊரை விட்டுத் திரும்பிப் போகாதா. பஸ் நேரம் சொல்கிறவனைப் போல நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு ஏதாவது வேலை கொடுத்தால் பயம் குறையும் என்று நடைமுறைகளைச் சொன்னேன். கைவிளக்கு, மருந்து, காய்ந்த உணவு, பத்திரங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பை, குடிக்கவும் புழங்கவும் தண்ணீர். என் பணிக்காலத்தில் இந்த அறிவுரையை இவ்வளவு முழுமையாகப் பின்பற்றிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. சார்டின் டின்கள் மேசையில் அடுக்கியிருந்தன. வாளி, அண்டா, பொங்கல் பானை, மகன் குழந்தையாக இருந்தபோது குளித்த தொட்டி என எல்லாவற்றிலும் தண்ணீர். சமையலறையிலிருந்து கூடம் வரை நடக்க ஒற்றையடிப் பாதைதான் மிச்சம்.

"புயல் வர்றதுக்கு முன்னாடியே உன் வீட்ல வெள்ளம் வந்துருச்சுக்கா" என்றேன்.

"நீதானடா புடிச்சு வைக்கச் சொன்ன."

பிறகு, மகனை மட்டும் கரைக்கு வரச்சொல்ல முடியாதா, உனக்குத்தான் ரூல்ஸ் எல்லாம் தெரியுமே என்றாள். எச்சரிக்கை நாட்களில் யாருக்கும் விடுப்பு கிடையாது என்று விளக்கினேன். அப்படிப்பட்ட உத்தரவுகளை நானே எழுதியிருக்கிறேன், அதனால் தெளிவாகவே விளக்க முடிந்தது. அவளுக்கும் புரிந்தது. சரி என்று சொல்லிவிட்டு அடுத்த வாளியைக் குழாயடியில் வைத்தாள்.

புயல் வருவதாகச் சொன்ன நாளுக்கு முதல் நாள் காலை, அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண் என்னைப் போனில் கூப்பிட்டாள். நான் போனபோது குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிரம்பி வழிந்த வாளிக்குப் பக்கத்தில் அக்கா கிடந்தாள். டாக்டர் வந்து பார்த்து, இதயம் நின்றுவிட்டது என்றார்.

அதன்பின் எல்லாம் எனக்குத் தெரிந்த வேலைகள். போலீஸ் நிலையம், இறப்புப் பதிவு, தகனம். மறுநாள் புயல் என்பதால் சுடலை மூடியிருக்கும், அன்று மாலையே கொண்டுவர வேண்டும் என்றார்கள். இல்லையென்றால் பிணவறைக் குளிரில் வைத்துவிட்டுப் புயல் போகும்வரை காத்திருக்கலாம். மகன் வருவதற்கு அது ஒன்றுதான் வழி. அவனுடைய அதிகாரி கருணையோடுதான் பேசினார், போகச் சொல்லிவிட்டார். ஆனால் அந்தப் படகை ஓட்டத் தெரிந்த இன்னொருவன் காய்ச்சலில் படுத்திருந்தான். காத்திருக்கலாமா என்று போனில் மகனிடமே கேட்டேன்.

"வேணாம் மாமா. அம்மாவ அங்க வைக்காதீங்க. காத்தடிக்கும்போது தனியா இருக்கப் பயப்படுவாங்க. நீங்களே கொள்ளி வச்சிருங்க."

வாசலில் கூடாரம் போட வந்தவன் நான்கு மணிக்கே பிரித்துவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.

"காத்து தூக்குச்சுன்னா லூமுட்டுக்கே போய்ரும்ணே."

"போனா என் மருமகன ஏத்திக்கிட்டு வரச்சொல்லு" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கயிற்றை இழுத்துக் கட்டினான்.

கூடாரத்தின் கீழ் எல்லோரும் புயலைப் பற்றியே பேசினார்கள். ஆளுக்கொரு கைப்பேசியில் ஆளுக்கொரு வரைபடம். அக்காவைப் பற்றிப் பேச அன்று யாருக்கும் நேரமில்லை. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு நானும் ஒரு வரைபடத்தை எட்டிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும் என்றார் சடங்கு செய்ய வந்த பண்டாரம். ஊரே பிடித்து வைத்துக்கொண்டிருந்ததால் குழாயில் நூல் மாதிரிதான் வந்தது. பெண்கள் கூடத்திலிருந்த வாளிகளைத் தூக்கினார்கள். முதல் சொம்பை மொண்ட பக்கத்து வீட்டுப் பெண், "இதுக்காக்கா புடிச்சு வச்ச" என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் அழுகுரல் கேட்டது. ஒவ்வொரு வாளியாக வெளியே போகப் போக, கூடத்தில் பாதை அகலமாகிக்கொண்டே வந்தது.

மின்சுடலையில் கொள்ளிக்குப் பதிலாகப் பொத்தானை நான் அழுத்தினேன். இன்னொரு கையில் போன். மறுமுனையில் அக்கா மகன் படகுத்துறையில் நின்றிருந்தான். கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்க எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"சும்மா கெடக்கு மாமா" என்றான்.

மறுநாள் புயல் கரைக்கு வரும்போதே வலுவிழந்துவிட்டது. மழை பெய்தது. என் கொல்லையில் ஒரு வாழை சாய்ந்தது, அதற்கும் ஏற்கெனவே வயதாகிவிட்டது. எச்சரிக்கையை நீக்கினார்கள், அவனுக்கு விடுப்பு கிடைத்தது.

லூமுட் கடலில்தான் அஸ்தியைக் கரைத்தோம். பங்கோர் தீவுக்குப் போகும் படகுகள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. தண்ணீர் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. அவன் வெறுங்குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா ரொம்பப் பயந்தாங்களா மாமா?"

"இல்லடா. எல்லாம் தயாரா வச்சிருந்தா" என்றேன்.

அவன் தலையாட்டினான். சிலிபினுக்குத் திரும்பியதும், வீட்டுக்குள் போகுமுன் குளிக்க வேண்டும் என்று பின்பக்கம் போனான். குழாயடியில் அக்கா கடைசியாகப் பிடித்த வாளி மட்டும் யாரும் தொடாமல் இருந்தது. அவன் சட்டையைக் கழற்றிவிட்டு அந்தத் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டான்.