ஈசானி மூலையில் துளை கேட்ட ஜெபராணி மேடம்

ஜெபராணி மேடம் இறந்துவிட்டார்.

காலையில் பழைய லேப் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. வரிசையாகக் கிடந்த கும்பிடு எமோஜிகளைத்தான் முதலில் பார்த்தேன். மேலே தள்ளிப் போய்த்தான் யாருக்கு என்று தெரிந்தது... ஹார்ட் அட்டாக். திருச்செந்தூர் பக்கம் சொந்த ஊருக்குப் போன இடத்தில்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருப்பூரில் ஒரு மண் பரிசோதனை லேபில் நானும் அவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். பில்டிங் கட்டும் முன் நிலத்தில் துளை போட்டு, கீழே என்ன மண், எவ்வளவு பாரம் தாங்கும், அஸ்திவாரம் எப்படிப் போடலாம் என்று ரிப்போர்ட் கொடுக்கிற வேலை. நான் டிரில்லிங் ஆட்களோடு வெயிலில் காய்வேன். ரிப்போர்ட்டில் கையெழுத்து மேடத்துடையது.

கூடவே மேடம் பார்ட் டைமாக பிஎச்டி. குண்டடம் பக்கத்துக் கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும், மேலே நிற்கிற சுவரையும் சேர்த்து வெடிக்க வைக்கும். அதில் பனியன் துணி வெட்டி மிஞ்சுகிற கட்டிங் வேஸ்ட்டைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கலந்தால் உப்புவது குறையுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்காக வேலம்பாளையத்தில் யூனிட் யூனிட்டாகப் போய் வேஸ்ட் மூட்டை கேட்போம். மேடம் தலையணை பிசினஸ் ஆரம்பிக்கிறார் என்று ஒரு பேச்சு கிளம்பி, ஒரு டெய்லரக்கா ஆர்டரே கொடுத்துவிட்டார். மேடம் மறுக்கவில்லை, தைத்தும் கொடுத்தார். தையல் சுமார்தான்.

ஈர மண்ணைக் கண்ணாடி மேல் உருட்டி, நூல் மாதிரி நீள்கிறதா, உடைகிறதா என்று பார்ப்பது ஒரு டெஸ்ட். கல்யாணப் பந்தியில் கேசரியை அப்படி உருட்டிப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். பக்கத்து இலையில் நான் இருந்தேன்... மானம் போயிற்று.

ஆனால் மேடம் என்றால் எனக்கு ஈஸ்வரமூர்த்தி அண்ணன் சைட்தான் ஞாபகம் வரும்.

அண்ணன் சொந்தத் தோட்டத்திலேயே நிட்டிங் யூனிட் கட்டப் போனார். மூன்று மாடி, மாடிக்கு மாடி கனமான மெஷின்கள். துளை போடப் போனால், பூமி பூஜைக்கு முன்னால் ஈசானி மூலையில் இரும்பு இறக்கக் கூடாது என்றுவிட்டார். இந்தப் பக்கம் எல்லாரும் சொல்வதுதான். அந்த வடகிழக்கு மூலையை விட்டுவிட்டு மற்ற இடங்களில் போட்டோம். கொஞ்சம் செம்மண், அப்புறம் நல்ல பாறை. ரிப்போர்ட் ரெடி.

மேடம் கையெழுத்துப் போடவில்லை. அண்ணனை லேபுக்கே வரவழைத்துக் கேட்டார்.

"இத்தன வருஷம் தோட்டம் வச்சிருந்திருக்கீங்க. கிணறு இல்லாமலா வெள்ளாம பண்ணுனீங்க? கிணறுன்னா ஈசானி மூலையிலதான வெட்டுவாங்க. அந்த மூலையில ஒரு துளை போடாம நான் கையெழுத்து போட மாட்டேன், பாத்துக்கிடுங்க."

கிணறே கிடையாது, பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீர்தான் என்று அப்பா சொல்லியிருப்பதாக அண்ணன் சொன்னார். பொய் சொல்கிற முகம் இல்லை. அவர் சின்ன வயதிலிருந்தே ஹாஸ்டலில் படித்தவர்.

லேப் முதலாளிக்குப் படபடப்பு. அண்ணன் போனால் அவருடைய பங்காளிகள் பில்டிங்கெல்லாம் கூடவே போய்விடும். கையெழுத்துப் போடு, இல்லையென்றால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று மேடத்திடம் நேராகவே சொன்னார். மேடம் வீட்டில் அப்போது அவர் சம்பளம் ஒன்றுதான்.

மேடம் கடைசியில் ஒன்று கேட்டார். பூஜை முடியட்டும், அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டுவதற்கு முன் எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். அண்ணன் அரை மனதாகச் சரி என்றார்.

பூஜை அன்று சொந்தபந்தம் முழுக்கப் பந்தலில். ஐயர் எழுந்ததும் நாங்கள் துளை போடுகிற ரிக்கை அந்த மூலையில் கொண்டுபோய் நிறுத்தினோம். கொஞ்ச ஆழத்திலேயே, சுத்தியல் விழாமல் ராடு தன் எடையிலேயே இறங்க ஆரம்பித்தது. வெளியே இழுத்தால் ஈரமான பனியன் துணி. சிவப்பு, நீலம், மஞ்சள்... அழுகாமல் அப்படியே.

மூடின கிணறு. மேல்மண்ணுக்குக் கீழே வாய் வரைக்கும் கட்டிங் வேஸ்ட்.

அண்ணனுடைய அப்பா சேரிலிருந்து எழுந்து வந்தார்.

"நாந்தானுங்க மூடுனது. மூடுன கெணறு இருக்குதுன்னு தெரிஞ்சா பையன் இங்க கட்டமாட்டானுங்க, வித்துப்போட்டு டவுனுக்குப் போயிருவான். அதானுங்க சொல்லல."

அண்ணன் அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை. கோபமெல்லாம் மேடம் மேல்தான். நல்ல நாளில், நாலு பேர் முன்னால் சந்தி சிரிக்க வைத்துவிட்டார் என்று.

வேஸ்ட்டைத் தோண்டி எடுத்து, அந்த மூலைக்குப் பாறை வரை கான்கிரீட் தூண் இறக்கினார்கள். மேடம் சொன்ன மாதிரியேதான். அதற்குப் பிறகே கையெழுத்து. முதலாளி மேடத்தை வேலையை விட்டு அனுப்பவில்லை, சைட்டுக்கு மட்டும் போகக் கூடாது என்றார். அண்ணன் வீட்டுப் பங்காளிகள் வேறு லேபுக்குப் போனார்கள்.

பில்டிங் திறப்பு விழாவுக்கு எனக்குப் பத்திரிகை வந்தது. மேடத்துக்கு வரவில்லை. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, அந்த மூலையில் சுவரில் கீறல் ஏதும் உண்டா என்று. இல்லை என்றேன். சரி என்று டிபனைத் திறந்தார்.

இன்று பத்து மணிக்கு ஈஸ்வரமூர்த்தி அண்ணனுக்கு போன் பண்ணிச் சொன்னேன். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம். அழைத்ததே தப்போ என்று நினைத்தேன்.

"அந்தம்மா நம்ம பில்டிங்குக்குள்ள ஒருக்காக்கூட வந்ததில்லீங்க. நானும் கூப்படல... அப்பா சாகற வரைக்கும் கூப்புடு கூப்புடுன்னு சொல்லிட்டே இருந்தாருங்க."

அடக்கம் நாளை காலை, மேடம் ஊர் சர்ச்சில். இன்று சாயங்காலம் வேலம்பாளையத்திலிருந்து வேன் கிளம்புகிறது. பழைய லேப் ஆட்கள் வருவதானால் மதியத்துக்குள் சொல்லுங்கள்.

வேன் அண்ணன் கம்பெனியுடையது. அவரும் வருகிறார்.

வருத்தமாகத்தான் இருக்கிறது மேடம்... வருகிறோம்.