செல்லையா மாமாவின் சிவப்புக் கோடு

"செல்லையா மாமா போயிட்டாருடி" என்று என் வகுப்பு நிஷா போனில் சொன்னபோது, "எங்க, அவரோட ஊர் நாவலப்பிட்டிக்கா?" என்று கேட்டேன். முந்தின வாரம்தான் பள்ளிக்கூடம் லீவு என்று நம்பவைத்து அவளை வீட்டில் உட்கார வைத்திருந்தேன். பழிவாங்குகிறாள் என்று நினைத்தேன். அவள் அழுத பிறகும் அந்த அழுகையைக் கொஞ்சம் சந்தேகித்தேன்.

கால்வாயோரத்து வீட்டுக்காரர்களே, உங்களுக்கு அவரைத் தெரியும். கண்டி வாவியின் மிகுதித் தண்ணீர் ஓடும் அந்தக் கால்வாயைத் துப்புரவு செய்தவர். கால்வாயில் வேலை என்றாலும் அவருக்கு முழு வாய். யாரையும் நம்பமாட்டார். "வணக்கம் மாமா" என்றால், "எதுக்கு?" என்பார். "தண்ணி அமைதியா இருந்தா, அது எதையோ யோசிக்குதுன்னு அர்த்தம்" என்பார்.

பழைய செங்கல் பாலத்தின் தூணில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்புக் கோடு போட்டிருந்தார். மழையில் தண்ணீர் அதைத் தொட்டால் விசில் ஊதுவார். நாம் அரிசியையும் புத்தகங்களையும் கட்டிலில் ஏற்றுவோம். அவர் எல்லாவற்றையும் சந்தேகித்தார், அந்தக் கோட்டைத் தவிர.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பின்னேரம் பெய்த மழையில் விசில் கேட்கவில்லை. நான்கு வீடுகளுக்குள் தண்ணீர் வந்த பிறகுதான் ஊதினார். கோடு பழைய இடத்தைவிட இரண்டு செங்கல் மேலே இருந்ததை மாநகர சபை ஓவர்சியர் கண்டுபிடித்தார்.

"குடிச்சிட்டுக் கோடு கிழிச்சியா?"

"இல்லைங்க ஐயா."

"பின்ன, கோடு தானா ஏறிச்சா?"

நீங்கள் எல்லோரும் சுற்றி நின்றீர்கள். யாரும் அவருக்காகப் பேசவில்லை. விசிலை வாங்கிக்கொண்டு, சந்தை கூட்டும் வேலைக்கு அவரை மாற்றினார்கள்.

மறுநாள் மாமா பாலத்தில் என்னை நிறுத்தினார். "கையக் காட்டு." காட்டினேன். நகத்தில் கியூடெக்ஸ் பாதி உரிந்திருந்தது. நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல செவப்பு" என்றார். போய்விட்டார். யாரிடமும் சொல்லவில்லை. ஏதோ திட்டம் வைத்திருக்கிறார் என்று இரண்டு வருடம் அவரைச் சந்தேகித்தேன். சந்தைக்குப் போகும்போதெல்லாம் சுற்றுவழியில் போனேன்.

நேற்று மயானத்திலும் ஒருவர், "நல்ல மனுஷன், அந்த ஒரு நாள் குடிச்சதுதான் பிழை" என்றார்.

அவர் குடிக்கவில்லை. பழைய கோட்டைச் சேற்றால் மூடி, கியூடெக்ஸால் மேலே புதிதாக வரைந்தவள் நான். அவர் ஏமாறுவாரா என்று பார்க்கத்தான் செய்தேன்.

என்னைப் பற்றி அவர் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. இப்போது சொல்லி, உங்களிடம் கொடுத்துவிட்டேன்.