சேவல் கழுத்து இறகு

எங்கள் வேண்டுதல் சேவலைக் கெடுத்தது என் தாய்மாமாதான். இன்றுவரை கீரிப்பிள்ளை மேல் பழி போடுகிறார்.

தம்பி காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் முனியாண்டிக்குச் சேவல் தருவதாக அம்மா வேண்டிக்கொண்டார். பிழைத்துவிட்டான். சிவப்புச் சேவல் ஒன்றை நான்தான் வளர்த்தேன். சாமிக்குக் கொடுப்பதில் குறை இருக்கக் கூடாது. ஆனால் ஞாயிறுதோறும் அதன் கழுத்தில் இறகு குறைந்தது.

"கீரி கடிச்சிருக்கும்க்கா" என்றார் மாமா.

"எந்தக் கீரிடா எறக மட்டும் புடுங்கும்?" என்றார் அம்மா.

மாமாவுக்குத் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் வேலை. துரை மீன் பிடிக்கப் புழு போடமாட்டார். தூண்டில் முள்ளில் இறகை நூலால் கட்டி, பூச்சி போலத் தண்ணீரில் மிதக்கவிடுவார். பார்த்துப் பார்த்து மாமாவும் கற்றுக்கொண்டார்.

ஒரு ஞாயிறு பின்னாலேயே போனேன். கந்தப்பளை மலைக் குளிரில், ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்று மூங்கில் கம்பை வீசினார். தூண்டிலில் என் சேவலின் இறகு. பல் கிட்டிக்க மறுபடி மறுபடி வீசினார். திடீரென்று புள்ளி போட்ட மீன் ஒன்று துள்ளியது. இழுத்தார், முள்ளைக் கழற்றினார், ஆற்றிலேயே விட்டுவிட்டார்!

"ஏன் மாமா விட்டீங்க?" என்று கத்தினேன்.

"ஐயோ, நீயா! அம்மாகிட்ட சொல்லிறாதடி. பாத்தியா, நெசப் பூச்சின்னு நம்பிருச்சு!"

"கொழம்புக்கு மீனு?"

"மீனு கெடக்குது போ. நம்பிருச்சு பாத்தியா!"

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். "மீனப் புடிச்சு எவனாவது திரும்ப விடுவானாக்கா?" என்று கேட்டார் மாமா. எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. பொய் சொன்னதாக எனக்குத்தான் அடி விழுந்தது.

திருவிழாவில் பூசாரி சேவலைத் தூக்கிப் பார்த்தார். "பாதி உரிச்சுக் கொண்டாந்திருக்கீங்க, மீதிய நான் உரிக்கவா?" சனம் சிரித்தது. அம்மா அழுதார். அடுத்த வருடம் வேறு சேவல் தருவதாக அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மொட்டைக் கழுத்துச் சேவல் வீடு திரும்பி, விடிந்ததும் ஒன்றும் நடக்காதது போலக் கூவியது.

அது துரைமார் மட்டுமே பிடிக்கலாம் என்ற மீன், அகப்பட்டால் வேலை போகும், பயந்துதான் விட்டார் என்று அப்போது நினைத்தேன். பயந்த மனிதன் நனைந்த வேட்டியோடு அப்படியா சிரிப்பான்?

மாமா, தம்பி மகள் கல்யாணத்துக்கு வருவீர்கள். பந்தலில் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்: இறகைப் பிடுங்கியது நீங்கள்தானே? வெறுங்கையோடு கரையேறியவருக்கு அத்தனை சந்தோஷம் எங்கிருந்து வந்தது?