“உதைக் கழட்டட்டோ?”

அளவெட்டியிலே என்ரை அறைக்குள் ஒரு பழைய சேவர் ஓடிக்கொண்டிருக்கிறது. சுற்றுவட்டாரத்து ஆட்கள் சிலரின் இணையப் பக்கங்கள் அதுக்குள்தான் குடியிருக்கின்றன. மத்தியானத்தில் யன்னலைச் சாத்திவிட்டால் அதின் விசிறி இரைச்சல் மட்டும் கேட்கும். பக்கத்து வளவிலே நாதஸ்வரம் வாசிக்கிறவர் சாதகம் பண்ணுகிறதும் அந்த நேரம்தான். இரண்டும் கலந்து வர, பெட்டிதான் வாசிக்குதோ என்று அரைநித்திரையில் பல நாள் நினைத்திருக்கிறேன்.

அப்படியொரு மத்தியானம் பெட்டி கீச்சுக்கீச்சென்று கத்தத் தொடங்கியது. உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் இருக்கிறதெல்லாம் மற்றதிலும் இருக்கும். ஒன்று செத்துவிட்டது, மற்றது தனியே சுமந்துகொண்டு நின்றது.

எனக்கு உடனே நினைவில் வந்தவர் வல்வெட்டித்துறை அண்ணை. அவருடைய மனிசிக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை. இனிக் குரல் வராது என்று தெரிந்ததும், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்காக அவ கதைத்ததையெல்லாம் அண்ணை போனில் பதிந்து, என்ரை சேவரில் ஏற்றுவித்தார். பிறகு போன் வள்ளத்திலிருந்து தவறி விழுந்தது. “போன் கடல் பாக்கப் போயிட்டுது தம்பி” என்று அப்போது சிரித்தார். இப்போது அந்தக் குரல் இருக்கிற ஒரே இடம் இந்தப் பெட்டி.

பெட்டி செய்த கொம்பனியின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். மன்னிப்பில் தொடங்கி, என் பொறுமைக்கு நன்றி சொல்லி முடித்திருந்தார்கள். இடையிலே இருந்தது ஒன்றுதான்: வொறண்டி முடிந்துவிட்டது, புதிசு வாங்குங்கோ.

நல்லகாலம், இதே பெட்டியை வைத்திருக்கிற எங்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது; கதைதான் தெரியும். விசிறி இரைந்தால் “பெட்டிக்குத் தடிமன், மூக்கடைச்சுப் போச்சு” என்பார் ஒருவர். பெட்டி அசையாமல் நின்றுவிட்டால் “கோவிச்சுக்கிச்சுங்க” என்பார் கோயம்புத்தூர்த் தங்கச்சி. அன்றைக்கு நான் குழுவில் எழுத, அழைப்பில் வந்தது அவதான்.

“கல்யாண வீட்டுலயாண்ணா இருக்கீங்க? நாதஸ்வரம் கேக்குது.”

“பக்கத்து வீடு தங்கச்சி. இஞ்சை செத்த வீடு நடக்காமல் பாருங்கோ.”

நான் அனுப்பிய பிழைக்குறிப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னா: “இடது பக்கத்து டிஸ்க்குதாண்ணா போயிருக்குது. பெட்டியை நிறுத்த வேண்டாம். ஓடறப்பவே கழட்டிட்டுப் புதுசைச் சொருகுங்க. நல்லதைத் தொட்டுறாதீங்க, எல்லாம் போயிரும். எம் பெட்டியையும் தொறந்து வச்சுட்டேன், சேர்ந்தே பாக்கலாம்.”

மாற்று டிஸ்க் அலுமாரியில் இருந்தது. எடுத்து வந்து, இடது பக்கத்து டிஸ்கில் கையை வைத்தேன்.

“அப்ப உதைக் கழட்டட்டோ?”

“ஐயோ, உதைக்காதீங்கண்ணா! கையை எடுங்க!”

வெருண்டுபோய்க் கையை எடுத்தேன். “ஆர் இஞ்சை உதைச்சது?”

“நீங்கதானே உதைன்னு சொன்னீங்க!”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அடி உதை இல்லைத் தங்கச்சி. இது எண்டால் எனக்குக் கிட்ட. அது எண்டால் ரெண்டு பேருக்கும் தூரம். உது எண்டால் உங்களுக்குக் கிட்ட இருக்கிறது, நீங்கள் சொல்லுறது.”

“அட, நல்லா இருக்குதே! எனக்குக் கிட்டன்னா…” தன் பெட்டியை அவ தட்டுகிற சத்தம் கேட்டது. கண்ணை மூடினால் இரண்டு பெட்டியும் ஒன்று, இரண்டு அறையும் ஒன்று, நடுவில் கடலே இல்லை. “எனக்கு இடது கைப் பக்கம், சன்னலோரம் இருக்குது. நீங்களும் பெட்டியோட முன்பக்க லைட்டுக்கு நேராத்தானே உக்காந்திருக்கீங்க?”

“இல்லை. நான் பின்னாலை, வயர் பக்கம் இருக்கிறன்.”

அவ தன் பெட்டியை மற்றப் பக்கம் திருப்புகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாய்ச் சொன்னா: “அப்ப நீங்க கை வச்சது நல்ல டிஸ்க்குங்கண்ணா.”

எழும்பி மற்றப் பக்கம் போய் இருந்தேன். அவ ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்லச் செத்ததைக் கழற்றிப் புதிசைச் சொருகினேன். கத்தல் நின்றது. நல்ல டிஸ்க் தன்னிடம் இருந்ததைப் புதிசுக்கு ஊட்டத் தொடங்கியது.

பின்னேரம் அண்ணையும் மனிசியும் வந்தார்கள். நான் போனில் சொன்னது போதாதாம், காதால் கேட்க வேண்டுமாம்.

“எல்லாம் கிடக்கோ தம்பி? ஒண்டும் குறையேல்லையோ?”

“நீங்களே கேளுங்கோ அண்ணை.”

பதிவைப் போட்டுவிட்டேன். “இஞ்சாருங்கோ, பதியிறீங்களோ? சொல்லிப்போட்டெல்லோ பதிய வேணும்! அடுப்பிலை கறி கிடக்கு” என்று அவவின் குரல் அறை முழுக்க ஏசியது.

“கேட்டியளே தம்பி, இதைத்தான் காப்பாத்தித் தந்திருக்கிறியள்” என்றார் அண்ணை. மனிசி அவர் தோளில் ஒன்று போட்டா. பிறகு பதிவிலே குரல் தணிந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராய்க் கூப்பிட்டுச் சாப்பிட்டியோ, குளிருக்குப் போர்த்தியோ என்று கேட்கத் தொடங்கியது. அவ பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தா. குரலுக்கு ஒரு சொல் முன்னாலேயே அவவின் உதடு போய்க்கொண்டிருந்தது.