நத்தைக்கும் ஒரு பொட்டு

அக்காவின் எம்.ஃபில் ஆய்வு நெல்வயல் நத்தைகளைப் பற்றியது. மூன்று மாதம் உட்கார்ந்து தட்டி, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தாள். அதே கம்ப்யூட்டரில்தான் நான் விண்டோஸோடு லினக்ஸையும் போடக் கிளம்பினேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு ஒரு சிடி இலவசமாக வந்தது. இலவசமாக வந்ததைச் சும்மா வைத்திருக்க என்னால் முடியாது.

“என் நத்தைக்கு ஏதாச்சும் ஆச்சி, அதான் நீ இந்த வூட்ல கீற கடைசி நாளு” என்றாள் அக்கா. அடுத்த வாரம் காஞ்சிபுரத்தில் கல்லூரியில் அதை ஒப்படைக்க வேண்டும். மிரட்டல் நியாயமானதுதான்.

பத்திரமாக நிறுவுவது எப்படி என்று பத்திரிகையில் பத்துப் படிகள் போட்டிருந்தார்கள். இருப்பதை முதலில் நகல் எடு என்பது முதல் படி. பயபக்தியோடு செய்தேன். நண்பனிடம் பென் டிரைவ் கடன் வாங்கி, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த ப்ரௌசிங் சென்டரில் நத்தைகளை ஒரு சிடியில் எழுதி வாங்கினேன். மற்ற ஒன்பது படிகளையும் படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அக்கா கல்லூரிக்குப் போன பிறகு ஆரம்பித்தேன். “புது வேல தொடங்கற, குளிச்சிட்டு வா” என்றாள் அம்மா. குளித்துவிட்டு வந்தால், இரண்டு சிடிகளும் தாம்பாளத்தில், வெற்றிலை மேல், ஆளுக்கொரு சாமந்தியோடு இருந்தன. அம்மா கற்பூரம் காட்டினாள். புதுச் சைக்கிளோ புது மோட்டாரோ, எது வந்தாலும் எங்கள் வீட்டில் இது உண்டு. நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பூவை எடுத்துவிட்டு, அவசரத்தில் சரியாகப் பார்க்காமலே லினக்ஸ் சிடியை உள்ளே தள்ளினேன்.

திரையில் ஒரு கேள்வி வந்தது. முழு டிஸ்கையும் பயன்படுத்தவா? வாங்கின டிஸ்கை எதற்கு அரைகுறையாகப் பயன்படுத்த வேண்டும்? தாராளமாக ‘ஆமாம்’ போட்டேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. முக்கால்வாசி தாண்டியதும் சிடி டிரைவ் கல்லைக் கடித்த ரைஸ் மில் மாதிரி கத்திவிட்டு நின்றது. வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பளபளப்பான பக்கத்தின் ஓரத்தில், சந்தனத்தின் மேல் குங்குமம், வட்டமாக இழுபட்டிருந்தது.

“இன்னாம்மா இது?”

“பொட்டுடா.”

“இந்தப் பக்கம் ஏம்மா வெச்ச?”

“எழுத்து கீற பக்கம் முதுகு. பளபளன்னு கீறதுதான மூஞ்சி? முதுகுல யாராச்சும் பொட்டு வெப்பாங்களா?”

கேள்வியில் நியாயம் இருந்தால் எனக்குக் கோபம் வரும். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டியது. பழைய விண்டோஸ் இல்லை, நத்தைகளும் இல்லை. எல்லாம் உன்னால்தான் என்று தெருக்கோடி வரை கேட்கும்படி கத்தினேன்.

அப்போதுதான் இன்னொரு சிடி ஞாபகம் வந்தது. “நத்தைக்கும் வெச்சியா?”

“பின்ன? ஒண்ணுக்கு வெச்சி ஒண்ணுக்கு வெக்காம வுட முடியுமா?”

அம்மா பரிகாரமாக, பாத்திரம் தேய்க்கிற தேங்காய் நாரோடு ஓடிவந்தாள். அதற்கும் கத்தினேன். பழைய வேட்டித் துணியை நனைத்து, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல இரண்டையும் நானே துடைத்து, லினக்ஸை முதலிலிருந்து போட்டேன். நத்தை பிழைத்ததா என்று பார்க்க அது முடிந்தாக வேண்டும். காத்திருந்த நேரத்தில் வேறு வேலையில்லாமல், பத்திரிகையின் நான்காவது படியைப் படித்தேன்.

‘முழு டிஸ்க் என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழையது அத்தனையும் அழிந்துவிடும். புதியவர்கள் தொட வேண்டாம்.’ கொட்டை எழுத்தில் இருந்தது.

பொட்டு வேலையை நிறுத்தியது, அவ்வளவுதான். அழித்தவன் நான். அம்மா அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து, கையில் ஒட்டியிருந்த குங்குமத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். பத்திரிகையை மூடிவைத்தேன்.

சாயங்காலம் நத்தை சிடியைப் போட்டேன். தொண்ணூற்றிரண்டு பக்கமும் திறந்தது. சிடியில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக எழுதுவார்களாம். அக்காவின் நத்தைகள் நடுவில் கொஞ்சம் இடத்தில் முடங்கிக் கிடந்தன. ஓரத்துப் பொட்டு அவற்றைத் தொடவே இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு குதி குதித்தேன்.

அக்கா ஐந்து மணி பஸ்ஸில் வந்திறங்கியபோதே தெருவில் யாரோ சேதி சொல்லியிருந்தார்கள். செருப்போடு உள்ளே வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

“அவன ஒண்ணும் சொல்லாதடீ. நான்தான் பொட்டு வெச்சி எல்லாத்தையும் அழிச்சிட்டேன்.”

“உனக்கு எதுக்கும்மா இந்த வேல? அறிவு வாணாம்?” என்று அக்கா ஆரம்பித்தாள். அம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை.

“அம்மா இல்ல. அழிச்சது நான்தான். எல்லாத்தையும் எடுத்துக்கவான்னு கேட்டுச்சி, நான் சரின்னு அமுக்கிட்டேன். நத்தை மட்டும் சிடியில பத்திரமா கீது.”

அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். இரண்டாவதற்குக் கை ஓங்கியபோது அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

“வுடுடீ. படிச்ச புள்ள. ஏதாச்சும் காரணமில்லாமயா அழிச்சிருப்பான்?”