ஜெபக்கூட்ட ஜமுக்காளமும் என் மகளின் இளைப்பும்

போன வருஷம் இதே இடத்துல நின்னு ஒரு சாட்சி சொன்னேன். அது தப்பான சாட்சி. அதைத் திருத்தாம இந்தச் சபைக்குள்ள என்னால தலை நிமிர்ந்து உட்கார முடியல. அதனாலதான் பாஸ்டர் ஐயாகிட்ட நானே கேட்டு மைக்கை வாங்கியிருக்கேன். நடுவுல அழுதுட்டேன்னா பொறுத்துக்கோங்க.

என் மக ஷைனியை எல்லாருக்கும் தெரியும். எல்.கே.ஜி. படிக்கும்போதே அவளுக்கு இளைப்பு வந்துடுச்சு. எங்க வீட்டுக்காரர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனி வேலைக்கு விடியறதுக்குள்ள கிளம்பிடுவார். கிழக்குத் தாம்பரத்துல அந்த வாடகை வீட்டுல நானும் அவளும்தான். தூங்கி எழுந்ததும் நெஞ்சுல விசில் அடிக்கிற மாதிரி சத்தம் வரும். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு குழி விழும். பார்த்துக்கிட்டு நிக்கிற எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. தயிர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, எறால் வாசமே கூடாதுன்னாங்க. எல்லாத்தையும் நிறுத்தினேன். பக்கத்து வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனா மத்த பிள்ளைங்க ஐஸ்கிரீம் சாப்பிடும், இவ கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்ப்பா. இளைப்பு மட்டும் நிக்கவே இல்ல. டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். எனக்கு அது பெரிய அவமானமா இருந்துச்சு. பொம்பளப் பிள்ளையாச்சே, நாலு பேர் பார்த்தா என்ன பேசுவாங்கன்னு முந்தானைக்குள்ள மறைச்சுத்தான் கொடுப்பேன்.

2006-ல பெரிய லீவு. ஷைனியைக் கேளம்பாக்கத்துல எங்க அக்கா வீட்டுல விட்டுட்டு, இங்க நம்ம உபவாச ஜெபத்துல அவளுக்காகக் கதறினேன். அங்க இருந்த வரைக்கும் அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்ல. எனக்குத் தலைகால் புரியல. கர்த்தர் பூரண சுகம் கொடுத்துட்டார்னு இந்த மைக்குல சொன்னேன். இன்ஹேலரைத் தூக்கி எறிஞ்சுட்டேன்னு வேற சேர்த்துக்கிட்டேன். நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. அந்தக் கைதட்டல் எனக்கு அவ்வளவு இனிச்சுது.

ஸ்கூல் திறக்க அவ வீட்டுக்கு வந்தா. வந்த வாரமே விசில் சத்தமும் வந்துடுச்சு. யார்கிட்ட போய்ச் சொல்றது? வாய்விட்டுச் சொன்னவ நான்தானே. புது இன்ஹேலர் வாங்கி அரிசி டின்னுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சேன். ஒரு ஞாயித்துக்கிழமை சபைக்குக் கிளம்பும்போது அவகிட்ட சொன்னேன்: "உள்ள இருமாதடி. அடக்கிக்கோ. அம்மா சாட்சி சொல்லியிருக்கேன்ல."

எங்க வீட்டுக்காரர் செருப்பு மாட்டிக்கிட்டே கேட்டார்: "நீ சாட்சி சொன்னது சபைக்கு. அவ நெஞ்சுக்கு யாரு சொல்றது?"

உங்களுக்கு விசுவாசமே கிடையாதுன்னு அவர் மேல எரிஞ்சு விழுந்தேன்.

அன்னிக்கு ஆராதனையில பாட்டு நடந்துக்கிட்டிருக்கும்போது ஷைனி என் புடவையைப் பிடிச்சு இழுத்தா. குனிஞ்சு பார்த்தா உதடு நீலமாயிருக்கு. பேச்சு வரல. எப்படி வெளிய தூக்கிட்டு ஓடினேன், எந்த ஆட்டோவில ஏறினேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஆஸ்பத்திரியில முகத்துல மாஸ்க் வச்சு மருந்துப் புகை கொடுத்தாங்க. ரொம்ப நேரம் கழிச்சு அவளுக்குப் பேச்சு வந்துச்சு. மாஸ்க்கை நகர்த்திட்டு என்ன கேட்டா தெரியுமா? "அம்மா, நான் இருமவே இல்லம்மா. யாருக்கும் தெரியல இல்ல?"

ஐயோ, நானெல்லாம் ஒரு தாயா!

அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல சுவரைப் பார்த்துத் திரும்பி நின்னு ஜெபம் பண்ணினேன். பெரிய வார்த்தை எதுவும் வரல. "ஆண்டவரே, சுகம் கேட்க எனக்கு மூஞ்சி இல்ல. இவளுக்கு எது ஆகலைன்னு மட்டும் காட்டுங்க. என் மானம் போனாலும் பரவாயில்ல." அவ்வளவுதான்.

அங்கயே ஒருத்தர் சொல்லி, குரோம்பேட்டையில ஒரு அலர்ஜி டாக்டர்கிட்ட போனோம். ஷைனி கையில வரிசையா சொட்டுச் சொட்டா மருந்து விட்டு, லேசா ஊசியால குத்தினாங்க. தயிர், பழம், எறால்னு நான் பயந்து பயந்து விலக்கி வச்ச எதுக்கும் வீங்கல. வீட்டுத் தூசியில கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி இருக்காம், அதுக்கு மட்டும் கொசு கடிச்ச மாதிரி தடிச்சுது. "அப்ப நான் எறால் சாப்பிடலாமா டாக்டர்?"னு ஷைனி கேட்டா. டாக்டர் சிரிச்சுட்டார்.

"டெஸ்ட் பாதிதாம்மா சொல்லும். எங்க இருந்தா அதிகமாகுது, எங்க போனா குறையுதுன்னு நீங்கதான் கவனிக்கணும். பாப்பா படுக்கிற ரூம்ல என்ன இருக்கு?"ன்னு கேட்டார். "ஒண்ணும் இல்ல சார், தினம் பெருக்கித் துடைக்கிறேன்"னு சுருக்குன்னு பதில் சொன்னேன். வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்ல.

அந்த வாரமே பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்தாங்க. சேலையூர்ல ஒரு வீட்டு ஜெபத்துக்கு ஜமுக்காளம் வேணும்னாங்க. சபைக் கொட்டகை ஒழுகுதுன்னு ஜமுக்காளமெல்லாம் எங்க வீட்டுலதான் இருந்துச்சு. யாரும் கட்டாயப்படுத்தல. கர்த்தருடைய பொருள் என் வீட்டுல இருக்கட்டும்னு நானே பெருமையா கேட்டு வாங்கினேன். வச்ச இடம் ஷைனி கட்டிலுக்கு அடியில. எத்தனையோ கூட்டத்துல எத்தனையோ பேர் கால் வச்சு உட்கார்ந்தது. ஒரு நாள்கூட துவைச்சதில்ல. உதறுவோம், சுருட்டுவோம், உள்ள தள்ளுவோம்.

ஒண்ணை இழுத்து வெளிய போட்டேன். பொத்துனு தூசி கிளம்புச்சு. வாசல்ல நின்ன ஷைனி தும்மினா, மறுபடியும் மறுபடியும் தும்மினா. உடனே விசில். கேளம்பாக்கம் அக்கா வீடு பளிச்சுனு ஞாபகம் வந்துச்சு. அங்க அவ படுத்தது வெறும் தரையில, கோரைப்பாயில. நான் தினமும் முழங்கால் போட்டு அழுததும் இதே கட்டில் பக்கத்துலதான். நான் கேட்டதை ஆண்டவர் காட்டிட்டார்னு அப்பவே புரிஞ்சுது.

அப்பவும் என் புத்தி பாருங்க, பாஸ்டரம்மா போகட்டும், அப்புறம் இன்ஹேலர் கொடுக்கலாம்னு ஒரு நொடி நினைச்சேன். ஷைனி என் முகத்தையே பார்த்துக்கிட்டு வாயைப் பொத்திக்கிட்டா. அதுக்கு மேல தாங்கல. அரிசி டின்னைத் தள்ளிட்டு இன்ஹேலரை எடுத்து வந்து அவங்க கண் முன்னாடியே கொடுத்தேன். எல்லாத்தையும் கொட்டினேன்.

பாஸ்டரம்மா அப்படியே தரையில உட்கார்ந்துட்டாங்க. "நம்ம ஜமுக்காளமா பிள்ளையை இந்தப் பாடு படுத்துச்சு? ஏன் ஷைனியம்மா, எங்ககிட்ட சொல்றதுக்கு என்ன? என் பையில பிரஷர் மாத்திரை இருக்கு பாருங்க. தினம் போட்டுக்கிட்டுதான் ஜெபம் பண்றேன்"னாங்க. திட்டியிருந்தாகூட எனக்கு இவ்வளவு வெட்கமா இருந்திருக்காது.

ஜமுக்காளமெல்லாம் அன்னிக்கே வெளிய போயிடுச்சு. மெத்தைக்கு உறை போட்டோம். போர்வை, தலையணை உறையெல்லாம் வாரா வாரம் வெந்நீர்ல அலசி வெயில்ல போடறேன். டாக்டர் சொன்ன மருந்தை ஒரு நாள் விடாம கொடுக்கிறேன். மழைக்காலம் முழுக்க ஷைனி ஸ்கூலுக்குப் போனா. எறால் தொக்கு சாப்பிட்டா. முழுசா போயிடுச்சுன்னு டாக்டர் சொல்லல, கட்டுக்குள்ள இருக்குன்னுதான் சொன்னார். நானும் அவ்வளவுதான் சொல்றேன். இந்தத் தடவை ஒரு வார்த்தை கூட்டமாட்டேன்.

என் ஜெபத்துக்குப் பதில் வந்துச்சு. ஆஸ்பத்திரி வராண்டாவுல நான் கேட்டபடியே ஆண்டவர் காட்டினார், என் மானத்தையும் எடுத்துக்கிட்டார். பிள்ளைக்கு மூச்சு கிடைச்சுதே, அது போதும், ஸ்தோத்திரம். உங்க வீட்டுலயும் யாருக்காவது முடியலைன்னா தைரியமா அவர்கிட்ட கேளுங்க. டாக்டர்கிட்டயும் கேளுங்க. எங்ககிட்டயும் சொல்லுங்க. சாட்சிக்கு அவசரப்படாதீங்க.

காலையில கிளம்பும்போது ஷைனி கேட்டா: "எல்லார்கிட்டயும் எல்லாத்தையும் சொல்லப் போறியாம்மா?" ஆமான்னேன். "உனக்கு வெட்கமா இருக்குமே. நான் பக்கத்துல வந்து நிக்கட்டுமா?"ன்னா. வேணாம், நீ உட்காருன்னு சொல்லிட்டேன்.

இல்ல ஷைனி, எழுந்து வாடி. அம்மா பக்கத்துல வந்து நில்லு.